ஒண்ணாந்தேதியார் எழுதிய வயது

அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு தெரு தூரத்துக்கு யாரைக் கேட்டாலும் பிறந்த நாள் ஒண்ணாந்தேதிதான். மாதம் மாறும், வருடம் மாறும், தேதி மட்டும் மாறாது. அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு பிரசவித்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த கிளார்க்குதான் அதற்குக் காரணம். சேர்க்கைப் பதிவேட்டை எழுதுவது அவர் வேலை. முன்னால் நின்று பேசும்போது எல்லாரும் அவரை சார் என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் ஒண்ணாந்தேதியார் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். மரியாதை விகுதியாவது சேர்த்தார்களே என்று விட்டுவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நீல மைப் பேனாதான் பிடிப்பார், பால்பாயிண்டைத் தொடமாட்டார். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பழைய கட்டுகளைக் கரையான் வாசித்து முடித்திருந்தது. "எப்ப பொறந்துச்சு?" என்று கேட்டால், "அந்தப் பெரிய மழை வந்துச்சே, அதுக்கு அடுத்த வாரம் சார்" என்பார்கள். எந்த மழை, எந்த வாரம் என்று துருவிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் வரிசை எப்போது நகர்வது? குழந்தையை மேசைக்கு எதிரில் நிற்க வைப்பார். மேசை விளிம்புக்கு மேல் மூக்கு தெரிந்தால் ஐந்து வயது. கண் மட்டும் தெரிந்தால் அடுத்த வருடம் வா. மருத்துவமனைகளில் கூட இவ்வளவு சீக்கிரம் முடிவு சொல்லமாட்டார்கள்.

சில நேரம் பெற்றோருக்கு உண்மைத் தேதி தெரிந்திருக்கும். ஆனால் அது தோதாக இருக்காது. அப்போது ஒரு வருடத்தைக் கூட்டியோ குறைத்தோ போட்டுக் கொடுப்பார். அதற்காக யாரிடமும் ஒரு வாய் காபி கூட வாங்கிக் குடித்ததில்லை. அந்த விஷயத்தில் கை சுத்தம். ஆனால் தனக்கே பின்னால் குழப்பம் வரக்கூடாது என்று, கூட்டிப் போட்ட பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கூட்டல் குறியும், குறைத்துப் போட்டதற்கு ஒரு கழித்தல் குறியும் ஓரத்தில் வைப்பார். பொய்யை எழுதினாலும் அதற்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கிற மனிதர்.

இப்படிப்பட்டவருக்குச் சட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் போகுமா? அந்த நாட்டில் பன்னிரண்டு வயது நிறையாத குழந்தை என்ன செய்தாலும் அது குற்றம் ஆகாது. பன்னிரண்டு நிறைந்துவிட்டால் குழந்தைகள் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். அந்த வருடம் எங்கோ ஓர் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஒரு கடைக்காரரை அடித்துப் போட்டுவிட, வயதைப் பத்தாகக் குறைக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தினார்கள். நம்மவர் ஆசிரியர் அறையில் டீ வேளைதோறும் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

"பத்து என்ன பத்து? எட்டுன்னு வைங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாம் தெரியுது. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"சரியாச் சொன்னீங்க சார்" என்பார் தலைமை ஆசிரியை. அவருக்கு யார் சொன்னாலும் சரிதான். அதனால்தான் பதினான்கு வருடமாகத் தலைமை ஆசிரியையாக இருக்க முடிந்தது.

இத்தனை பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே இருபத்தொன்பது வயதில் ஒரு மகன் இருந்தான். அந்த மாதம்தான் நண்பனின் காரை வாங்கி ஓட்டி, எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளைப் பாய் மாதிரி தட்டையாக்கி வைத்திருந்தான். எதிர்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர் அப்பா. மகன் மாடியில் போர்த்திப் படுத்திருந்தான்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் மனைவி. "குழந்தை மனசு அவனுக்கு. பொறுப்பெல்லாம் தன்னால வரும்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும். நீங்க என்ன பொறக்கும்போதே பொறுப்போடவா பொறந்தீங்க?"



சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில். அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரு சரிவான சாலை. அதன் தலைமாட்டில் ஒரு தண்ணீர் டேங்கர் லாரி நின்றிருந்தது. டிரைவர் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்காமல், கதவைப் பூட்டாமல், சாப்பிடப் போய்விட்டார். ஒண்ணாந்தேதியார் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தவர், லாரி தானாக நகர்வதைப் பார்த்தார். முதலில் தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தார். பிறகு "ஐயோ" என்று டப்பாவைக் கீழே போட்டார்.

லாரிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் ஏழாம் வகுப்பு. ஒருத்தி, பள்ளி முழுக்க வாலு என்று அழைக்கப்பட்ட பெண். தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவின் ஒரே மகள். இன்னொருவன் சைக்கிள் கடைக்காரரின் பையன். லாரியில் ஏறலாம் என்று யோசனை சொன்னவன் அவன். எந்த லீவரை இழுத்தால் புஸ்ஸென்று காற்றுச் சத்தம் வரும் என்று காட்டியவனும் அவன்தான். இழுத்தவள் அவள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. கூடவே லாரியும் கிளம்பிவிட்டது. பையன் ஒரே தாவில் வெளியே குதித்தான். அவள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

சரிவின் அடிவாரத்தில் ஒரு ஒப்பந்ததாரரின் வீடு இருந்தது. சாலையை இரண்டடி விழுங்கிக் கட்டிய சுற்றுச்சுவர், அதில் ஆளுயர இரும்பு கேட், உள்ளே அன்றைக்குத்தான் கழுவித் துடைத்த கார். லாரி மூன்றையும் வரிசையாக விசாரித்துவிட்டு நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து குதித்ததில் கணுக்கால் முறிந்தது. வாலுவுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. அவ்வளவுதான்.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். கல் வைக்காத டிரைவர், கை பிரேக் இழுத்துத்தான் இருந்தது, என்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். லாரி சொந்தக்காரர், டிரைவர்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சரிவில் லாரி நிறுத்தக் கூடாது என்று பலகை வைக்க வேண்டிய நகராட்சி, பலகை செய்யச் சொல்லியாகிவிட்டது என்றது. சாலையை விழுங்கிய சுவரைப் பற்றி ஒப்பந்ததாரரிடம் கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆக, பொறுப்பு என்ற அந்தச் சனியன் யார் தலையிலாவது உட்கார்ந்தாக வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னத் தலைகள் இரண்டு மிச்சம் இருந்தன.

"ரெண்டு பேர்ல யாருக்குப் பன்னெண்டு ஆயிடுச்சு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஒண்ணாந்தேதியார் பதிவேட்டைப் புரட்டினார். சைக்கிள் கடைப் பையன், பதினோரு வயது ஐந்து மாதம். இஸ்திரி அக்காவின் மகள், பன்னிரண்டு வயது இரண்டு மாதம்.

"ஒண்ணாவது தேறிச்சே" என்று சப்-இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தார். "அந்தப் பையன் குழந்தை, விட்டுடலாம். இந்தப் பொண்ணு பேர்ல போட்டுடுவோம்."

ஒண்ணாந்தேதியார் பதிவேட்டின் ஓரத்தைப் பார்த்தார். பையனின் பெயர் ஓரத்தில் பென்சில் கழித்தல் குறி. பெண்ணின் பெயர் ஓரத்தில் பென்சில் கூட்டல் குறி. ஆறேகால் வருடத்துக்கு முன்னால் சைக்கிள் கடைக்காரர், "பிற்காலத்துல உத்தியோகத்துக்கு வயசு வரம்பு கேப்பாங்க சார், ஒரு வருஷம் கையிருப்பு இருக்கட்டும்" என்று குறைத்துக் கேட்டிருந்தார். அதே வாரம் இஸ்திரி அக்கா, நிஜமாக நாலு வயது முடிந்த பெண்ணைக் கூட்டிவந்து நின்றாள். கரி நெருப்பும் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியும் இருக்கிற கடையில் குழந்தையை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை என்றாள். குழந்தையின் முழங்கையில் அரைவட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவரே ஒரு வருடத்தைக் கூட்டிப் போட்டார். குழந்தையின் மூக்கு மேசைக்கு மேல் தெரியவில்லை என்பதை அன்று கண்டுகொள்ளவில்லை.

ஆக, லாரியில் ஏறியவர்களில் பன்னிரண்டைத் தாண்டியவன் பையன். தாண்டாதவள் பெண். அந்த இரண்டு ஒண்ணாந்தேதிகள் இருவரையும் இடம் மாற்றி நிறுத்திவிட்டன. அவர் சப்-இன்ஸ்பெக்டருக்கு ஓரக் குறிகளை விட்டுவிட்டுக் கையால் ஒரு நகல் தயாரித்துக் கொடுத்து, முத்து முத்தாக 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இரண்டு நாள் கழித்து இஸ்திரி அக்கா வந்தாள். வியர்வையும் கரிப்புகையும் கலந்த வாசனையோடு மேசைக்கு எதிரில் நின்றாள்.

"சார், அது பொறந்து பதினோரு வருஷம் ரெண்டு மாசம்தான் ஆவுது. நான் நாலுன்னுதான் சொன்னேன். நீங்கதான் அஞ்சுன்னு போட்டுக்கறேன், கூட்டிட்டு வான்னீங்க."

"மெதுவாப் பேசும்மா."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். வக்கீல் அம்மா சொன்னாங்க."

"பதிவேட்டுல என்ன இருக்கோ அதான்மா வயசு."

"அப்போ நான் பெத்த தேதி?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியணுமே."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். "அன்னிக்கு நல்லதுதான் சார் பண்ணீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எலும்பைப் படம் எடுத்து வயது சொல்லலாம் என்று நீதிமன்றம் மருத்துவமனைக்கு அனுப்பியது. டாக்டர் மணிக்கட்டைப் படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'பதினொன்றுக்குக் குறையாமலும் பதின்மூன்றுக்கு மிகாமலும் இருக்கலாம்' என்று எழுதினார். அதை இஸ்திரி அக்கா படம் எடுக்காமலே சொல்லியிருப்பாள். எலும்பு கைவிட்டதும் எல்லாரும் பதிவேட்டைத் தேடினார்கள். பதிவேட்டோடு நேரில் ஆஜராகும்படி ஒண்ணாந்தேதியாருக்குச் சம்மன் வந்தது.

தலைமை ஆசிரியை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். பதிவேட்டை விரித்துப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"என்ன சார் இது, கூட்டல் கழித்தல்? ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ என் கையெழுத்து இருக்கே!"

"ஆமா மேடம். நீங்க படிச்சுப் பார்த்துட்டுதானே போட்டீங்க?"

"படிச்சா யார் கையெழுத்துப் போடுவாங்க?" என்று அவர் ஒரு ரப்பரை மேசைமேல் வைத்தார். "எல்லாத்தையும் அழிச்சுடுங்க. ரெண்டரை வருஷத்துல ரிடையர் ஆகப் போறீங்க. எனக்கும் நாலு வருஷம் இருக்கு. அந்தப் பொண்ணை என்ன தூக்குலயா போடப் போறாங்க? கொஞ்ச நாள் இல்லத்துல வச்சிருந்து அனுப்பிடுவாங்க. அதுக்கும் ஒரு பாடமா இருக்கும்."

ஒண்ணாந்தேதியார் ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குழந்தைகள் நீதிமன்றம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. குழந்தைகள் பயப்படக் கூடாதாம், அதனால் தாழ்வாரச் சுவர் முழுக்க முயல், வாத்து, பலூன் என்று வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு வாத்தின் வயிற்றில் ஆணி அடித்து, வழக்குப் பட்டியலை மாட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்கு மட்டும் கம்பி கனமாகவே இருந்தது.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் வாலு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் ஒரு பெண் காவலர், செல்போனில் மூழ்கியிருந்தார். அம்மாவை வக்கீல் அம்மா உள்ளே கூட்டிப்போயிருந்தார். வாலு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் விரலை விட்டு எதையோ நெம்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"பல்லு ஆடுது சார்."

"இங்கயா அதைப் பண்ணுவே?"

"ரெண்டு நாளா ஆடுது. இன்னிக்கு விழுந்துடும்."

அவர் வேறு பக்கம் பார்த்தார். அப்புறம் பொறுக்காமல் கேட்டார்.

"அந்த லீவரை இழுத்தா லாரி நகரும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அது பிரேக்குன்னு தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இழுத்தே?"

"புஸ்ஸுன்னு சத்தம் வரும்னு அவன் சொன்னான். சத்தம் கேக்கத்தான் இழுத்தேன். லாரிதான் ஸ்டார்ட்டே ஆகலையே, அப்புறம் எப்படி ஓடும்னு நெனைச்சேன்." காலை ஆட்டுவதை நிறுத்தினாள். "என் தப்புதான் சார். ஆனா அவனும்தான். அவன் ஏன் வரல?"

"அவன் குழந்தை."

"அவன் என்னைவிட ஒசரம்!"

 தொலைக்காட்சியில் கத்தும் நாலு பேரிடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது. வாலு விரலை மறுபடி வாய்க்குள் விட்டு ஒரு திருகு திருகினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள். அதில் ரத்தம் ஒட்டிய ஒரு கடைவாய்ப் பால்பல் இருந்தது. சட்டப்படி முழுப் பொறுப்பு ஏற்கும் வயதை எட்டி, சமூகத்தின் பாதுகாப்புக்காகப் பெண் காவலர் துணையோடு அழைத்துவரப்பட்ட அந்த நபர், "சார், கைக்குட்டை இருக்கா?" என்று கேட்டார்.

அவர் கைக்குட்டையைக் கொடுத்தார். முப்பத்தோரு வருடமாக எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். அத்தனை பேரிடமும் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து மூக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று அப்போது தோன்றியது.   

பதிவேட்டை மடியில் விரித்தார். ரப்பரை எடுத்தார். பெண்ணின் பெயர் ஓரத்தில் இருந்த கூட்டல் குறிக்குமேல் ரப்பரைக் கொண்டுபோனவர், அங்கேயே நிறுத்தினார். பிறகு கையை நாலு வரி கீழே இறக்கி, சைக்கிள் கடைப் பையனின் பெயர் ஓரத்தில் இருந்த கழித்தல் குறியை அழித்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை தேய்த்து, தூளை ஊதினார். உள்ளே போய் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தாகிவிட்டது. அந்த உண்மை ஒருத்தியை இறக்கிவிட்டு அதே வண்டியில் இன்னொருவனை ஏற்றுவதற்கு உதவக் கூடாது என்பதையும் அவர் சேர்த்தே முடிவு செய்திருந்தார். தெரிந்தே, யோசித்தே, ஐம்பத்தேழாவது வயதில், நீதிமன்ற வாசலிலேயே ஆவணத்தைத் திருத்தினார். காவலர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன சார் அழிக்கறீங்க?" என்று வாலு எட்டிப் பார்த்தாள்.

"தப்பா எழுதினதை."

"பென்சில்தானே சார், பரவால்ல."

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, மேலிருந்து பார்ப்பவர். அரசு வக்கீல் பதிவேட்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். அவர் மனதில் வழக்கு ஏற்கெனவே முடிந்து, மதியச் சாப்பாடு தொடங்கியிருந்தது.

"கையெழுத்து என்னோடதுதான் சார். தேதிதான் அந்தப் பொண்ணோடது இல்ல."

 அரசு வக்கீல் காதைத் தீட்டிக்கொண்டார். நீதிபதி பேனாவை வைத்தார்.

"என்ன சொல்றீங்க? புரியும்படி சொல்லுங்க."

அவர் சொன்னார். மேசையைச் சொன்னார், மூக்கைச் சொன்னார், ஒண்ணாந்தேதியைச் சொன்னார், பென்சில் குறியைச் சொன்னார். தாய் சொன்ன தேதியை விட்டுவிட்டு ஒரு வருடம் முன்னால் தள்ளிப் போட்டதைச் சொன்னார்.   பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை, தான் இந்தப் பள்ளிக்கே சம்பந்தமில்லாதவர் மாதிரி கதவு வழியே தாழ்வாரத்து முயலைப் பார்த்தார்.

"தெரிஞ்சே தப்பா எழுதினீங்களா?"

"தெரிஞ்சேதாம்மா."

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தேழு."

"அதாவது சரியான தேதிதானா?"

"என் தேதியை எங்க அப்பா எழுதினாரும்மா. நான் எழுதல."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கூட்டல், கூட்டல், கழித்தல், கூட்டல். புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது.

"இந்தப் பதிவேட்டை நான் நம்பலைன்னா, இந்த வட்டாரத்துல ஒரு பிள்ளைக்கும் வயசே கிடையாது. புரியுதா உங்களுக்கு?"

"புரியுதும்மா."

"நம்பினா, ஒரு சின்னப் பொண்ணை உங்க பேனா உள்ள தள்ளிடும்."

"அதுவும் புரியுதும்மா. அதனாலதான் வந்தேன்."

"இந்தப் பக்கத்துல ஒரு இடத்துல அழிச்ச மாதிரி இருக்கே?"

 "பழைய பதிவேடும்மா" என்றார். "காகிதம் தேஞ்சிருக்கும்." பதிவேட்டுக்கு வெளியே அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.  நீதிபதி அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, பதிவேட்டை மூடினார்.

வயது சந்தேகத்துக்கு இடமாக இருப்பதால் அதன் பலன் குழந்தைக்கே என்று தீர்ப்பானது. வாலு அன்று மாலையே அம்மாவோடு வீட்டுக்குப் போனாள். தீர்ப்பின் கடைசி வரியில், கிளார்க்மேல் துறை நடவடிக்கை எடுக்கும்படி ஒரு உத்தரவு இருந்தது. மறுநாளே அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். முப்பத்தோரு வருடமாக அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை.

வீட்டில் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "ஊரான் பிள்ளைக்காக நம்ம பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்று அழுதார்.

"நம்ம பிள்ளைக்கு இருபத்தொன்பது ஆச்சு" என்றார் அவர்.

"அதுக்கு?"



விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் கொண்ட குழு போட்டார்கள். அவர் முதல் நாளே வெள்ளைத்தாளில், 'எல்லாத் தேதிகளையும் தெரிந்தே நான்தான் எழுதினேன், நானே பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டிய வேலை. ஆனால் கிளார்க் எழுதினார் என்றால் தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டிருக்கிறார். தலைமை ஆசிரியை போட்டார் என்றால் வருடாவருடம் கல்வி அதிகாரி தணிக்கை செய்து முத்திரை குத்தியிருக்கிறார். அந்த அதிகாரிகளில் ஒருவர் இப்போது விசாரணைக் குழுவின் தலைவர். அவர் ஒருநாள் ஒண்ணாந்தேதியாரைத் தனியாக அழைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"ஏன் சார் நான்தான் நான்தான்னு அடம் பிடிக்கறீங்க? நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டா எல்லாருக்கும் சிக்கல். அந்தக் கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கங்க."

"தப்பு பண்ணவன் நான்தானே சார்?"

"யார் இல்லைன்னா? அதை எதுக்கு எழுத்துல குடுக்கறீங்க?"

அவர் திரும்ப வாங்கவில்லை. அதனால் குழு அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 'நடைமுறையில் ஏற்பட்ட குறைபாடு, தனிநபர் எவரையும் பொறுப்பாக்க இயலாது' என்று அறிக்கை வந்தது. பணிநீக்கம் ரத்தாகி, ஓய்வூதியமும் கிடைத்து, வழியனுப்பு விழா இல்லாமல் ஓய்வு பெற்றார். அதே மாதம் சட்டமன்றத்தில் மேசையைத் தட்டி, குற்றப் பொறுப்புக்கான வயதைப் பன்னிரண்டிலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். பொறுப்புணர்வு சிறு வயதிலேயே வர வேண்டும் என்று அமைச்சர் உருக்கமாகப் பேசினார். ஒண்ணாந்தேதியார் தொலைக்காட்சியை அணைத்தார்.

வாலு இப்போது வேறு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பழைய பள்ளி அவளை 'சொந்த விருப்பத்தின் பேரில்' அனுப்பிவிட்டது. சைக்கிள் கடைப் பையன் பழைய பள்ளியிலேயே படிக்கிறான். வழக்குக்கு அப்புறம் ஒருநாள் கடைக்கு வெளியே ஒண்ணாந்தேதியாரைப் பார்த்ததும் ஓடிவந்து, கேட்காமலே அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தான். அவன் அப்பா அவனிடம் என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று அவர் விசாரிக்கவில்லை.

ஓய்வு பெற்றவருக்குப் பகலைப் போக்க வேண்டியிருந்தது. ஒருநாள் அந்தச் சரிவான சாலையில் நடந்துபோனபோது, வேலியோரம் ஒரு கம்பு ஊன்றி நின்ற வாட்ச்மேனைப் பார்த்தார். கால் கோணலாகத்தான் கூடியிருந்தது. நொண்டுகிறவர் கேட்டுக்கு அழகில்லை என்று ஒப்பந்ததாரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம்.

"இழப்பீடு கேக்கலையா?"

"யாருகிட்ட சார் கேக்கறது? லாரிக்காரன், டிரைவரைக் கேளுங்கறான். டிரைவர், சின்னப் பசங்களைக் கேளுங்கறான். அந்தப் பொண்ணு மட்டும் அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்து மன்னிப்பு கேட்டுச்சு. இன்னமும் நாயித்துக்கெழமையானா வந்து கடைக்கு ஓடிட்டு வரும். அதுகிட்டப் போயி என்னத்தைக் கேக்க?"

ஒண்ணாந்தேதியார் அன்றே நீல மையை நிரப்பிக்கொண்டு மனு எழுத உட்கார்ந்தார். லாரி சொந்தக்காரருக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஒப்பந்ததாரருக்கு ஒன்று. மூன்றிலும் சம்பவத் தேதியைச் சப்-இன்ஸ்பெக்டரின் அறிக்கையோடு ஒத்துப் பார்த்து எழுதினார். பதில்கள் வந்தன. சம்பவத்துக்குக் காரணமானவர் சட்டப்படி பொறுப்பேற்க இயலாத குழந்தை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதால் தங்களுக்கும் பொறுப்பில்லை என்று மூவரும் எழுதியிருந்தார்கள். மூன்று வேறு வேறு வக்கீல்கள், வார்த்தை மட்டும் ஒன்று.

அவர் மாவட்ட அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினார். அது திரும்பி வந்ததும் அதற்குமேல் ஒன்று எழுதினார். இப்போதும் மாதம் ஒருமுறை வாட்ச்மேனும் அவரும் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போகிறார்கள். போன மாதம் ஒரு புது அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, சலிப்போடு, "இதுக்கெல்லாம் யாருங்க பொறுப்பு? நீங்க யாரு, இவருக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"சொந்தமெல்லாம் இல்லைங்க" என்றார் ஒண்ணாந்தேதியார். "மனு எழுதினது நான்."

அதிகாரி அடுத்த மாதம் வரச் சொன்னார். வாட்ச்மேன் கம்பை ஊன்றி எழுந்தார். படியில் இறங்கும்போது ஒண்ணாந்தேதியார் அவர் அக்குளில் கை கொடுத்துக்கொண்டார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு மெதுவாக நடந்தார்கள்.